உளவு மென்பொருளை நீக்கும்போது திரைவாசிப்பான் ஏன் ஊமையாகிறது?

தட்டும் ஒவ்வொரு விசையையும் கவனிக்கும். திறந்திருக்கும் செயலிகளுக்குள் நுழைந்து அங்குள்ள எழுத்துகளை எடுக்கும். உளவு மென்பொருள் செய்வது இதுதான்; பார்வை மாற்றுத்திறனாளிகளுக்குக் கணினியைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் செய்வதும் இதுதான். முன்னது எடுத்ததை எவருக்கோ அனுப்பிவிடுகிறது, பின்னது கணினிக்கு உரியவரின் காதில் சொல்கிறது. பாதுகாப்பு மென்பொருளுக்கு இந்த வேறுபாடு எப்போதும் பிடிபடுவதில்லை. தன்னை யாரும் முடக்கிவிடாதபடி பிற நிரல்களை அண்டவிடாமல் வைக்கும்போது, சில நேரம் திரைவாசிப்பானும் வெளியே நின்றுவிடுகிறது.

அடுத்த சிக்கல் அலங்காரம். திரைவாசிப்பான் பொதுவாகப் படத்தைப் பார்த்துப் படிப்பதில்லை. 'இது பொத்தான், பெயர் நீக்கு' என்று செயலியே விண்டோஸ் வழியாகத் தெரிவிக்க வேண்டும். அதற்கான ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் 1997-லேயே கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் பாதுகாப்பு மென்பொருள்களில் பளபளப்பான கேடயமும் வண்ணச் சக்கரமும் வரைந்தவர்கள் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. பயனருக்குக் கேட்பதெல்லாம் 'பொத்தான், பொத்தான், பொத்தான்'. எதை அழுத்தினால் உளவு மென்பொருள் போகும், எதை அழுத்தினால் அதற்கு அனுமதி கிடைக்கும் என்று எப்படித் தெரியும்? இதில் ஜெர்மானியரான பேட்ரிக் கோல்லாவைப் பாராட்ட வேண்டும். அவர் உருவாக்கிய ஸ்பைபாட் என்ற உளவு நீக்கும் மென்பொருளின் பழைய பதிப்புகளில் பார்வையற்றோருக்கென்றே தனி இயக்கமுறை இருந்தது.

பிடிவாதமான உளவு நிரலை, அத்தியாவசியமானவை மட்டும் இயங்கும் 'சேஃப் மோடு'க்குப் போய் நீக்கச் சொல்வார்கள். அங்கே ஒலிக்கான டிரைவர்கள் ஏறுவதில்லை. கணினி இயங்கும், பேச்சு வராது. பிரெயில் காட்டியோ பார்வையுள்ள துணையோ இல்லாவிட்டால் அந்த அறிவுரையால் பயனில்லை.

இன்று நிலைமை கொஞ்சம் தேவலை. ஜயன்ட் என்ற நிறுவனத்தை 2004 இறுதியில் வாங்கி அதன் மென்பொருளிலிருந்து மைக்ரோசாஃப்ட் வளர்த்தெடுத்த டிஃபெண்டர் என்ற பாதுகாப்பு மென்பொருள், இப்போது விண்டோஸுடனேயே வருகிறது. ஸ்கேனைத் தொடங்குவது முதல் சிக்கியதை நீக்குவது வரை விசைப்பலகையிலேயே முடித்துவிடலாம். அதன் 'ஆஃப்லைன் ஸ்கேன்' மட்டும் விலக்கு: கணினி மறுதொடக்கமாகி, சுமார் 15 நிமிடம் சத்தமே இருக்காது. பழுதென்று பயந்து மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டாம். விண்டோஸ் திரும்பியதும் 'புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி'யில் முடிவைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஆஸ்திரேலியாவில் 2006-இல் தொடங்கிய இலவசத் திரைவாசிப்பானான என்விடிஏவைப் பென்டிரைவில் வைத்துப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீக்கும் மென்பொருளை நிறுவ விண்டோஸ் அனுமதி கேட்கும் பெட்டியை அந்தப் பிரதியால் படிக்க முடியாது. கணினியில் முறையாக நிறுவிய என்விடிஏ படிக்கும்.

'உங்கள் கணினியில் வைரஸ்' என்று அலறும் போலி எச்சரிக்கைகளில் திரைவாசிப்பான் ஒரு வகையில் கண்ணைவிடக் கெட்டி. இன்செர்ட் விசையுடன் டி-யை அழுத்தினால் சன்னலின் தலைப்பைச் சொல்லும். அதில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் என்று வந்தால் அது வெறும் இணையப் பக்கம். ஆல்ட், எஃப்4 சேர்த்து அழுத்தி மூடுங்கள். அது சொல்லும் எண்ணுக்கு அழைக்காதீர்கள்.

விலை கொடுத்து வாங்குவதானால் முதலில் சோதனைப் பதிப்பை நிறுவி, டேப் விசையால் மட்டும் ஒரு ஸ்கேனை முடித்துப் பாருங்கள். 'நீக்கு' என்ற பொத்தானுக்குக்கூடப் பெயர் வைக்காத மென்பொருளுக்குப் பணம் தர வேண்டாம்.