குளிரில் தடுமாறும் இதயம்

இதயத்தைத் திறந்து உள்ளே தையல் போட வேண்டுமானால் ரத்த ஓட்டத்தை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் மூளை சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. 1940களில் அறுவை மருத்துவர்களைத் தடுத்து நிறுத்திய சிக்கல் இதுதான். கனடாவின் டொரன்டோ நகரில் வில்ஃபிரட் பிகலோ உடலையே குளிரவைத்துப் பார்த்தார். உடல் வெப்பம் 37 டிகிரி செல்சியஸிலிருந்து 30 டிகிரிக்கு இறங்கினால், ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய பாதியாகிவிடும். நடுக்கத்தை மட்டும் மருந்தால் அடக்க வேண்டும். நடுங்கும் தசைகள் மிச்சம் பிடித்த ஆக்சிஜனையெல்லாம் தீர்த்துவிடும்.

மூளைக்கு நல்லது செய்யும் இந்தக் குளிர் இதயத்துக்கு ஆகாது. செல் சவ்வின் நுண்வாயில்கள் வழியே சோடியம், பொட்டாசியம், கால்சியம் அயனிகள் போய்வருவதால்தான் துடிப்புக்கான மின்சாரம் பிறக்கிறது. குளிர்ந்தால் அந்த வாயில்கள் மந்தமாகும். முதலில் துடிப்பு குறையும். அடுத்து மேலறைகள் ஒழுங்கு தப்பும். 28 டிகிரிக்குக் கீழே கீழறைகளே சுருங்கி விரிய மறந்து, வெறுமனே அதிரத் தொடங்கலாம். வடம் பிடித்தவர்கள் ஆளுக்கொரு திசையில் இழுத்தால் தேர் நகருமா? ரத்தமும் நகராது.

1952 செப்டம்பர் 2 அன்று மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் லூயிஸ், 5 வயதுச் சிறுமியின் இதய மேலறைச் சுவரில் இருந்த ஓட்டையைத் தைத்து மூடினார். அவளைக் குளிரவைத்தது 28 டிகிரி வரை. ரத்த ஓட்டம் நின்றது ஐந்தரை நிமிடம். அபாய விளிம்பில் நின்று செய்த காரியம், அவள் பிழைத்தாள்.

இதற்கு முன்பே, 1949இல், பிகலோவின் ஆய்வகத்தில் குளிர்ந்த நாய் ஒன்றின் இதயம் திடீரென நின்றுபோனது. வேறு வழியில்லாமல் அவர் ஒரு கருவியின் முனையால் அதைக் குத்தினார். ஒரு துடிப்பு வந்தது. மறுபடி குத்தினார், மறுபடி துடித்தது. குத்துக்குப் பதில் சிறு மின்துடிப்பு போதாதா என்ற யோசனை வர, அவரும் உடன் பணியாற்றிய மருத்துவர் ஜான் காலகனும் மின்பொறியாளர் ஜான் ஹாப்ஸைச் சேர்த்துக்கொண்டனர். 1950இல் ஹாப்ஸ் உருவாக்கிய பேஸ்மேக்கர் உடலுக்கு வெளியே இருந்து இயங்கியது. குளிரின் தொல்லை இல்லாவிட்டால் இக்கருவி அங்கே அப்போது பிறந்திருக்காது என்பதே என் கணிப்பு.

இதய நுரையீரல் இயந்திரம் வந்த பிறகு, இதயம் நின்றாலும் ரத்தம் ஓடுகிறது. ஆனாலும் மகாதமனி வளைவைச் சீராக்கும்போது, தேவைப்பட்டால் 20 டிகிரி வரைகூடக் குளிரவைக்கிறார்கள். சூடேற்றிய பின்னும் துடிப்பு சில நாட்கள் தடுமாறலாம். உங்கள் வீட்டில் யாராவது இதய அறுவை முடிந்து நெஞ்சுக்குக் கீழே மெல்லிய கம்பிகளோடு வெளியே வந்தால் பதற வேண்டாம். அவை தற்காலிக பேஸ்மேக்கர் கம்பிகள். துடிப்பு சீரானதும் மருத்துவர்களே உருவி எடுத்துவிடுவார்கள். அதுவரை நீங்கள் அவற்றைத் தொடாதீர்கள்.