கிராமக் கணக்கும் வழித்தூரமும்

ஒரு கிராமத்தை அறிய மக்கள்தொகை மட்டும் போதாது. ஆஸ்பத்திரிக்குப் போக வழி உண்டா என்றும் பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகளில் இரண்டு விவரமும் கிராமவாரியாக உண்டு. ஊரில் இல்லாத வசதி 5 கிலோமீட்டருக்குள் கிடைத்தால் ‘ஏ’, 5 முதல் 10 வரை ‘பி’, அதற்கு மேல் ‘சி’ என்று குறித்திருப்பார்கள்.

வியாபாரி கண்ணுக்கு இதில் ஒரு குறை தெரிகிறது. நம் மைசூருக்குத் தெற்கே, எல்லை தாண்டினால் ஈரோடு மாவட்டத் தாளவாடி. அங்கிருந்து சாமராஜநகர் சுமார் 20 கிலோமீட்டர். மலை இறங்க வேண்டாம். சொந்த மாவட்டத் தலைநகரான ஈரோடோ 100க்கும் மேல். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கணும். வனவிலங்குகளைக் காக்க 2022 பிப்ரவரியில் அந்தப் பாதையில் இரவுக் கட்டுப்பாடும் வந்தது. ஆனால் கையேட்டு முறைப்படி இரண்டு தூரமும் ஒரே ‘சி’தான்! 20 கிலோ மூட்டைக்கும் 100 கிலோ மூட்டைக்கும் ஒரே கூலி என்றால் யாராவது ஒத்துக்கொள்வார்களா?

ஆகவே சொந்த ஊர்க் கணக்கைப் படிக்கும் அன்பர்கள் அந்த ஓர் எழுத்தோடு நின்றுவிட வேண்டாம். ஆஸ்பத்திரி எந்த ஊரில், வழி எது, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஊரிலுள்ளவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். பிரசவ வலி கண்ட ராத்திரியில் கைகொடுப்பது அந்தக் கணக்குத்தான்.