கானோரத்து வல்லாரையும் கடைக் குப்பியும்

ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் புல்லைச் சுரண்டியால் சுரண்டிய காலத்தில், தேயிலைக்கு நடுவே ஓடும் வடிகால் கான்களின் ஓரம் வல்லாரை படர்ந்து கிடந்தது. கொழுந்து நிறுத்துவிட்டு லயம் எனும் வரிசை வீடுகளுக்குத் திரும்பும் பெண்கள் மடியில் ஒரு பிடி பறித்து வந்தார்கள். பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்து, தேசிக்காய் பிழிந்தால் சம்பல். ரொட்டிக்கும் சோற்றுக்கும் அதுவே கறி. தடிமன் காய்ச்சல் என்றால் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்த தண்ணீரும், மஞ்சளும் மிளகும் போட்ட ரசமும் இருந்தன. வல்லாரையைப் பெரும்பாலும் மருந்தென்று எண்ணாமல் கறியாகவே சாப்பிட்டார்கள்.

பிறகு ஆட்செலவைக் குறைக்கப் புல்லுமருந்து வந்தது. அவற்றில் ஒன்றான கிளைபோசேட்டுக்கு 2015இல் தடை விதித்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தினார்கள். கான் இன்றும் ஈரமாகத்தான் இருக்கிறது. ஆனால் மருந்தடித்த மலையில் முளைத்த கீரையை நம்பிப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. அதே வல்லாரை இப்போது நகரத்துக் கடைகளில் ‘அன்டிஒக்சிடன்ட்’ என்ற பெயரோடு குப்பிக்குள் குளிசையாக நிற்கிறது.

நோயும் மாறிவிட்டது. 1916இல் ரொக்கபெல்லர் நிதியத்தார் இலங்கைத் தோட்டங்களில் ஒழிக்க முனைந்தது கொக்கிப்புழுவை. தோட்டத்து மக்களின் இரத்தத்தை அது குடித்துக்கொண்டிருந்தது. இன்று கிளினிக் கொப்பிகளில் எழுதியிருப்பது சீனி வியாதி, பிரஷர், கொலஸ்ட்ரோல், மூட்டுவலி. 2005-06இல் இலங்கையில் வளர்ந்தோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்ததாகக் கணித்தார்கள். 2018-19இல் நடந்த இன்னோர் ஆய்வு 23 வீதம் என்றது. இரண்டும் ஒரே முறையில் எடுத்தவை அல்ல என்றாலும் போக்கு தெரிகிறது.

காயத்தை ஆற்ற வரும் அழற்சி சில நாளில் அடங்கிவிடும். இந்த நோய்களில் அது அடங்குவதில்லை. மெதுவாக, வருடக்கணக்காக, இரத்தக் குழாய்களையும் மூட்டுகளையும் கெடுக்கிறது. செடிகள் தம்மைக் காத்துக்கொள்ளச் சேர்த்துவைக்கும் பொலிபீனோல்கள் ஆய்வுகூடத்தில் அதைத் தணிக்கின்றன. உடம்புக்குள் அவ்வளவு எளிதாக நடப்பதில்லை. மஞ்சளிலுள்ள குர்குமினில் இரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். மிளகின் பிப்பரினைச் சேர்த்துக் கொடுத்தபோது அந்த அளவு ஏறத்தாழ 20 மடங்கு கூடியதை 1998இல் பெங்களூர் ஆய்வு ஒன்று காட்டியது.

பிரித்தெடுத்துக் குளிசையாக்கினால் பலன் பெருகும் என்ற நம்பிக்கைதான் அதிகம் அடிவாங்கியது. பின்லாந்தில் 29,000க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. பீட்டா கரோட்டீன் குளிசை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 வீதம் கூடியிருந்தது. கிறீன் டீயின் சத்தும் அப்படித்தான். கிறீன் டீ குடிப்பவருக்குச் சராசரியாக ஒரு நாளில் கிடைக்கும் ஈஜிசிஜி என்ற பொலிபீனோல் 90 முதல் 300 மில்லிகிராம். குளிசையாக 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்தால் ஈரல் பாதிக்கப்படலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018இல் எச்சரித்தது. கீரையைச் சாப்பிடுவதும் சத்தை மட்டும் விழுங்குவதும் ஒன்றல்ல. நீரிழிவுக்கான மெட்போமினை நிறுத்திவிட்டு மூலிகைக் குளிசைக்கு மாறுவோரைப் பார்க்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

தேயிலையைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்டது முதல் இந்த மலைகளை ஆள்வது அந்தச் செடிதான். பச்சைக் கொழுந்தின் உலர் எடையில் கால்பங்குக்கும் மேல் பொலிபீனோல். ஸ்டோர் என்ற தொழிற்சாலையில் வாட்டி, அரைத்து, காற்றுப்பட வைக்கும்போது கெட்டச்சின்கள் தியாஃபிளவின்களாகவும் தியரூபிஜின்களாகவும் மாறுகின்றன. சாயத்தின் செம்மை அவற்றால் வருவது. கறுப்புத் தேயிலை சத்தற்றதென்பது பிழை. தரமான தூள் கப்பலேறியது. கொழுந்து எடுத்தவள் அன்று குடித்தது மட்டமான தூளில் ஊற்றிய, சீனி தூக்கலான சாயத்தண்ணி. இன்றும் பல வீடுகளில் அதுதான்.

அந்தச் சாயத்தண்ணியை ரொட்டியோடு சேர்த்துக் குடித்த பழக்கம் நன்மை செய்யவில்லை. உணவோடு குடிக்கும் தேநீர், கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச்சத்தில் உடம்பு எடுத்துக்கொள்வதைப் பாதிக்கும் மேலாகக் குறைக்கக்கூடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் அந்தத் தடை நன்றாகத் தளர்கிறது. இரத்தச்சோகை நீண்ட காலமாக வாட்டும் தோட்டத்துப் பெண்களுக்கு இது சின்ன விஷயமல்ல. சம்பலில் பிழிந்த தேசிக்காயோ இரும்பை உடம்பில் சேரவிட்டது. ஒரு கை கொடுத்ததை மறு கை பறித்த சாப்பாடு அது. அந்தக் காலத்தை முழுதாகப் புகழ எனக்கு மனம் வராததற்கு இதுவும் ஒரு காரணம். அன்று புழுவும் பசியும் இருந்தன. 1974இன் பஞ்சத்தில் தோட்டங்களில் மரணங்கள் ஏறின. இன்று இரத்தத்தில் சீனி பார்க்க முடிகிறது, மாத்திரை கிடைக்கிறது.

ஆனால் கீரைக்கு இடம்தான் இல்லாமல் போனது. 10க்கு 12 அடி லயக் காம்பிராவில் வாழ்ந்தவர்களுக்குக் கானோரமே தோட்டமாக இருந்தது. அண்மைக் காலத்துத் தனிவீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ், அதாவது சுமார் 1,900 சதுர அடி நிலம் கொடுத்தார்கள். வீடும் பாதையும் போக மிஞ்சுவதில் வல்லாரைக்கு ஒரு பாத்தி, பொன்னாங்கண்ணிக்கு ஒரு பாத்தி தாராளமாகப் போடலாம். அங்கே மருந்தடிக்க வேறு எவரும் வரப்போவதில்லை. ஆனால் இன்னும் லயத்திலேயே இருக்கும் குடும்பங்கள்தான் அதிகம்.