மெயிலர் டீமன் சொல்லும் காரணம்

உலகின் முதல் ஸ்பேம் மெயிலே எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. 1978 மே மாதத் தொடக்கத்தில், டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி துர்க், புதிய கணினிகளைப் பார்க்க வரும்படி, இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் இருந்த ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். முகவரிகள் அவற்றுக்கான இடத்தில் அடங்காமல் வழிந்து, மெயிலின் வாசகத்துக்குள்ளேயே இறங்கிவிட்டன. அப்படி வழிந்த முகவரிக்காரர்களுக்கு விளம்பரம் போகவில்லை. கிடைத்தவர்களோ கொதித்துப்போனார்கள். பல மில்லியன் டாலர் விற்பனை ஆனதாக துர்க் பின்னாளில் சொல்லிக்கொண்டார். ஸ்பேம் ஏன் இன்னும் ஒழியவில்லை என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இன்று மெயில் போய்ச் சேராமல் திரும்பினால் ‘மெயிலர் டீமன்’ என்ற பெயரில் ஓர் ஆங்கில அறிக்கை வருகிறது. பலரும் அதைப் படிக்காமலே அழித்துவிடுகிறார்கள். திரும்பியதற்கான காரணம் அதற்குள்தான் மூன்று இலக்க எண்ணாக இருக்கிறது. எண் 4-ல் தொடங்கினால் தடை தற்காலிகமானது. அனுப்பும் சர்வர் வழக்கமாக நான்கைந்து நாள் வரை தானே முயன்றுகொண்டிருக்கும். நாமும் சேர்ந்து அதையே திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டாம். 5-ல் தொடங்கினால், எதையாவது மாற்றாமல் போகாது. ‘550 5.1.1’ என்றால் அப்படியொரு முகவரியே அங்கில்லை: எழுத்துப் பிழையாக இருக்கலாம், வேலையை விட்டுப் போனவரின் கணக்காகவும் இருக்கலாம்.

552 பெரும்பாலும் அளவுப் பிரச்சினை. அட்டாச்மென்டாகப் போகும் ஃபைல் எழுத்து வடிவத்துக்கு மாற்றப்படும்போது மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். 20 எம்.பி. வீடியோ ஏறக்குறைய 27 எம்.பி. ஆகி, 25 எம்.பி. வரம்பு வைத்திருக்கும் சர்வரில் முட்டித் திரும்பும். டிரைவில் ஏற்றி லிங்க்கை அனுப்பினால் வேலை முடிந்தது.

உண்மையான தலைவலி இன்னொரு வகை 550. முகவரி சரி, பெட்டியில் இடமும் உண்டு. அனுப்புபவரை நம்ப சர்வர் தயாராக இல்லை. இந்தச் சிக்கலின் வேர் 1982-ல் ஜான் போஸ்டல் வகுத்த, மெயில் அனுப்புவதற்கான எஸ்.எம்.டி.பி. விதிமுறையில் இருக்கிறது. அனுப்புபவர் தன்னை யாரென்று சொல்கிறாரோ, அதை அது அப்படியே ஏற்றுக்கொண்டது. தபால் உறையில் அனுப்புநர் பெயராக எதை எழுதினாலும் தபால்காரர் கேட்க மாட்டார் அல்லவா, அதே கதைதான். ஆய்வாளர்கள் மட்டும் புழங்கிய வலையமைப்பில் அது போதுமானதாக இருந்தது.

அந்த ஓட்டையை அடைக்கப் பின்னர் மூன்று ஏற்பாடுகள் வந்தன. ஒரு டொமைன் பெயரில் எந்தெந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல் எஸ்.பி.எஃப். ஒவ்வொரு மெயிலிலும் போடப்படும் டிஜிட்டல் கையொப்பம் டி.கே.ஐ.எம். இரண்டில் ஒன்றுகூடப் பொருந்தாத மெயிலை என்ன செய்யலாம் என்று டொமைன்காரர் விடுக்கும் அறிவிப்பு டிமார்க். ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயில்களுக்கு மேல் அனுப்புவோருக்கு 2024 பிப்ரவரி முதல் கூகுள் மூன்றையும் கட்டாயமாக்கியது. ஸ்பேம் புகார்களும் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. ஆயிரம் பேரில் மூன்று பேர், சந்தாவை ரத்து செய்யச் சோம்பல்பட்டு ‘ஸ்பேம்’ பொத்தானைத் தட்டினாலே அனுப்பியவருக்குச் சிக்கல்!

சொந்த டொமைன் வைத்திருக்கும் சிறு வியாபாரிக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. மலிவான ஹோஸ்டிங்கில் பல நிறுவனங்கள் ஒரே ஐ.பி. முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றில் ஒன்று ஸ்பேம் அனுப்பினால், ஸ்பேம்ஹாஸ் போன்ற அமைப்புகளின் கறுப்புப் பட்டியலில் அந்த ஐ.பி. ஏறிவிடலாம்; அடுத்தவரின் இன்வாய்ஸும் சேர்ந்து திரும்பும். ஐ.பி. பட்டியலில் இருக்கிறதா என்று ஸ்பேம்ஹாஸ் தளத்திலேயே பார்த்து, ஹோஸ்டிங் நிறுவனத்திடம் முறையிடலாம். அங்கே அடிக்கடி இப்படி நடந்தால், மெயிலை மட்டுமாவது வேறு சேவைக்கு மாற்றுவது நல்லது. விலைக்கு வாங்கிய முகவரிப் பட்டியல் பக்கம் போகவே கூடாது. அதில் செத்த முகவரிகள் மலிந்திருக்கும். 550-கள் குவியக் குவிய அனுப்புபவரின் பெயர் கெடும்.

அனுப்பாத மெயிலே சிலருக்குத் திரும்பி வருவதுண்டு. அவர்கள் முதலில் ‘சென்ட்’ பகுதியையும், கணக்கில் யாராவது புகுந்த தடயம் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அங்கு எதுவும் இல்லையென்றால், யாரோ அவர்களுடைய முகவரியை அனுப்புநராகப் போட்டு ஊருக்கெல்லாம் ஸ்பேம் அனுப்பியிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் பொருள். அந்த மெயிலை உரியவரிடம் சேர்க்க முடியாத சர்வர்கள் மறுப்பை உண்மையான முகவரிக்காரருக்கு அனுப்புகின்றன. மாறாக, தெரியாத கருவி கணக்கில் தென்பட்டால் உடனே பாஸ்வேர்டை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பையும் போட்டுவிட வேண்டும்.