குட்டி கெக்கோ சாப்பிட மாட்டேங்குதா? முதல்ல தொட்டியைப் பாருங்க!

ராத்திரி பதினொரு மணி. போன் டார்ச்சை அடிச்சு கண்ணாடித் தொட்டிக்குள்ள எட்டிப் பார்க்கிறீங்க. சாயங்காலம் விட்ட நாலு பூச்சியும் அப்படியே உலாத்திக்கிட்டு இருக்கு. உங்க குட்டி கெக்கோ மட்டும் ஒரு மூலையில கண்ணை மூடிக்கிட்டு ஒட்டிக் கிடக்கு. வாங்கிட்டு வந்து இன்னிக்கு நாலாவது நாள். இன்னும் ஒரு வாய்கூட சாப்பிடலை. செத்துப்போயிடுமோ?

பொறுங்க. முதல்ல அந்த டார்ச்சை அணைங்க.

புது வீட்டுக்கு வந்த குட்டி நாலஞ்சு நாள் சாப்பிடாம இருக்கிறது சகஜம். சில குட்டிகள் ஒரு வாரத்தையும் தாண்டும். அந்த நாட்கள்ல நாம பதறிப்போய் செய்ற காரியங்கள்தான் பல நேரம் நிலைமையை மோசமாக்கும். மணிக்கொரு தரம் எடுத்துப் பார்க்கிறது, விதவிதமா பூச்சி வாங்கிக் கொட்டுறது, வாயைத் திறந்து ஊட்டப் பார்க்கிறதுன்னு நீளும் அந்த லிஸ்ட். கெக்கோவுக்குப் பசி வரணும்னா முதல்ல அதோட உடம்பு சூடாகணும், அப்புறம் பயம் தெளியணும். பூச்சியோட முறை அதுக்கப்புறம்தான்.

இங்க பேசுறது லெப்பர்ட் கெக்கோ பத்தி. உலகத்துல ரொம்ப அதிகமா வளர்க்கப்படுற பல்லிகள்ல இதுவும் ஒண்ணு. சொந்த ஊர் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், அதை ஒட்டின வடமேற்கு இந்தியாவோட வறண்ட பாறை நிலம். காலண்டர்ல 'பல்லி விழும் பலன்' பார்க்கிற வீட்டுல, காசு கொடுத்து ஒரு பல்லி வாங்கியிருக்கேன்னு சொல்லவே தனி தைரியம் வேணும். ஆனா ட்யூப்லைட் பக்கத்துல காத்திருக்கிற நம்ம வீட்டுப் பல்லியை மனசுல வெச்சுக்கிட்டு இதை வளர்க்கக் கூடாது. வீட்டுப் பல்லிக்கு கண் இமை கிடையாது. இதுக்கு உண்டு, கண்ணை மூடித் தூங்கும். வீட்டுப் பல்லி சுவர்ல ஒட்டி ஏறும். இதோட விரல்ல ஒட்டுற அமைப்பே இல்லை, இது தரைவாசி. பகல்ல பாறை இடுக்குல பதுங்கியிருந்து, பொழுது சாயும்போது வெளிய வந்து வேட்டையாடும்.

வாங்குறதுக்கு முன்னாடி சட்டத்தையும் ஒரு தடவை பார்த்துடுங்க. இந்தியாவுல 2022-ல வந்த வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, சைட்ஸ் பட்டியல்ல இருக்கிற அயல்நாட்டு உயிர்களை வெச்சிருக்க பதிவு தேவை. நம்ம காட்டுல பிடிச்ச எந்தப் பல்லியையும் யார் கொடுத்தாலும் வாங்காதீங்க. சட்டச் சிக்கல் ஒரு பக்கம். காட்டுல வளர்ந்த உயிர் பெட்டிக்குள்ள பட்டினி கிடக்குறது அதைவிடப் பெரிய சிக்கல்.

சரி, விஷயத்துக்கு வருவோம். முட்டையிலிருந்து வெளிய வரும்போது இதோட எடை சுமார் மூணு கிராம். கையில இருக்கிற ஒரு ரூபாய் காசு அளவுதான். ஒன்றரை வருஷத்துக்குள்ள அது 50, 60 கிராம் ஆகணும். இவ்வளவு வேகமா வளர வேண்டிய உடம்புக்கு முதல் சில மாசத்துச் சாப்பாடு ரொம்ப முக்கியம். அதனாலதான் அது சாப்பிடலைன்னா உங்க வயித்துல புளி கரைக்குது.

முதல்ல சூடு. நம்ம உடம்பு சாப்பாட்டை வெச்சு தானே சூட்டை உண்டாக்கிக்கும். பல்லியால அது முடியாது, வெளியிலிருந்துதான் வாங்கணும். லெப்பர்ட் கெக்கோ அதுல நிறைய பங்கை வெயில் பட்டுச் சூடான பாறையில படுத்து, வயித்து வழியா வாங்கும். அந்தச் சூடு இல்லைன்னா முழுங்கின பூச்சி செரிக்காது. வயித்துலயே கெட்டுப்போகும், சில சமயம் வாந்தியா வெளிய வரும். உடம்புக்கு இது தெரியும். அதனால குளிர்ந்து கிடக்குற கெக்கோவுக்குப் பசியே எடுக்காது.

தொட்டியோட ஒரு பக்கத்துல தரைச் சூடு 32-லிருந்து 34 டிகிரி செல்சியஸ் இருக்கணும். எதிர்ப்பக்கம் 24-லிருந்து 26. தனக்கு எப்போ எது வேணும்னு கெக்கோவே நடந்து போய்த் தேர்ந்தெடுத்துக்கும். இதுக்கு ஹீட் மேட் வாங்குறவங்க நிறைய பேர் அதோட தெர்மோஸ்டாட் வாங்க மறந்துடுறாங்க. தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட் குட்டியோட வயித்தைச் சுட்டுடும். கையால தொட்டுப் பார்த்து "சூடாத்தான் இருக்கு"ன்னு முடிவு பண்ணாதீங்க. முனையில கம்பி இருக்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டரை, கெக்கோ படுக்குற அதே இடத்துல வெச்சுப் பாருங்க.

நம்ம ஊர்ல இதுல ரெண்டு வேடிக்கை நடக்கும். "சென்னை வெயிலுக்கு ஹீட்டர் எதுக்கு?"ன்னு கேட்டுட்டு, தொட்டியை ஏசி ரூம்ல வெச்சிருப்பாங்க. ராத்திரி முழுக்க 23 டிகிரியில கிடக்குற குட்டி சாயங்காலம் பூச்சியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இன்னொண்ணு மே மாசத்துல நடக்கும். ரூமே 35 டிகிரி, தொட்டியோட ரெண்டு பக்கமும் கொதிக்கும். ஒதுங்க குளிர்ச்சியான இடமே இல்லாத குட்டி தண்ணீர் கிண்ணத்துக்குள்ள போய்ப் படுத்துக்கும். ஹீட் மேட்டை அணைச்சுட்டு, தொட்டியை வீட்லயே குளுமையான தரையில வெயில் படாம வையுங்க.

அடுத்தது பயம். மூணு கிராம் எடையில இருந்து பார்த்தா, மேலேயிருந்து வர்ற ஒவ்வொரு கையும் பருந்துதான். பதுங்க மூணு இடம் கொடுங்க: சூடான பக்கம் ஒண்ணு, குளிர்ந்த பக்கம் ஒண்ணு, நடுவுல ஈரமான டிஷ்யூ போட்ட சின்ன டப்பா ஒண்ணு. ஐஸ்க்ரீம் டப்பாவுல வாசல் வெட்டினாலே போதும், வெட்டின ஓரம் குத்தாம இருக்கணும். பெரிய தொட்டியா இருந்தா மூணு பக்கமும் வெளிப்புறம் பேப்பர் ஒட்டுங்க. தரைக்கு கிச்சன் டிஷ்யூ விரிச்சா போதும். மணல் பார்க்க அழகுதான், ஆனா குட்டி பூச்சியோட சேர்த்து அதையும் முழுங்கி குடல் அடைச்சுக்கும். 'கால்சியம் மணல்'னு விக்கிறதுக்கும் இதே பதில்தான்.

வந்த முதல் வாரம் தண்ணி மாத்துறது, சுத்தம் பண்றது தவிர உள்ள கை வைக்காதீங்க. ரீல்ஸ் எடுக்கிறதெல்லாம் அது ஒழுங்கா சாப்பிட ஆரம்பிச்ச பிறகு.

ரெண்டு குட்டியை ஒரே தொட்டியில விட்டிருக்கீங்களா? இன்னிக்கே பிரிச்சுடுங்க. "ரெண்டும் ஒண்ணா படுத்திருக்கு, எவ்ளோ பாசம்"னு நினைப்போம். சூடான இடம் ஒண்ணுதான் இருக்கு, அதுக்கு ரெண்டும் போட்டி போடுது, அவ்வளவுதான். பெருசு வளரும், சின்னது வாலெல்லாம் மெலிஞ்சு போகும். சண்டை நம்ம கண்ணுல படணும்னுகூட அவசியம் இல்லை.

இதெல்லாம் சரியா இருக்கு, இப்போ சாப்பாடு. லெப்பர்ட் கெக்கோ பூச்சி மட்டும்தான் சாப்பிடும். பழம், காய், சோறு, முட்டை எதுவும் வேண்டாம். கடையில 'கிரிக்கெட்'னு விக்கிற சுவர்க்கோழி, டூபியா கரப்பான், மீல்வார்ம், கறுப்புச் சிப்பாய் ஈயோட புழு எல்லாம் ஒத்துவரும். விளக்குல வந்து விழுற பூச்சியைப் பிடிச்சுப் போடாதீங்க, அது எந்த மருந்தைத் தின்னுட்டு வந்திருக்குமோ. மின்மினிப் பூச்சி இன்னும் ஆபத்து. அதுல இருக்கிற நஞ்சு பல்லியைக் கொன்னுடும்.

நிறைய பேர் தப்பு பண்றது பூச்சியோட சைஸ்லதான். குட்டியோட ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இருக்கிற அகலம்தான் அளவு. அதைவிடத் தடிமனான பூச்சியைப் பார்த்தா குட்டி சாப்பிடுறதுக்குப் பதில் ஓடும். வாங்கும்போதே விக்கிறவர்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க: இதுவரைக்கும் எந்தப் பூச்சி சாப்பிட்டுச்சு, கடைசியா எப்போ சாப்பிட்டுச்சு? மீல்வார்ம் மட்டுமே தின்னு பழகின குட்டிக்கு சுவர்க்கோழி ஒரு சாப்பாடுன்னே தோணாது. அப்புறம், முட்டையிலிருந்து வந்து சில நாளே ஆன குட்டின்னா, வயித்துல மிச்சம் இருக்கிற மஞ்சள் கருவே அதுக்குப் போதும். முதல் தோலை உரிச்ச பிறகுதான் வேட்டையைத் தொடங்கும்.

பொழுது சாயுற நேரத்துல விளக்கை மங்கலாக்கிட்டு ஒரே ஒரு பூச்சியை விடுங்க. அசையுறதைத்தான் கெக்கோ இரைன்னு நினைக்கும். சுவர்க்கோழி ரொம்ப வேகமா ஓடினா, பின்னங்கால் ரெண்டையும் எடுத்துட்டு விடலாம். கொஞ்சம் கொடூரம்தான், ஆனா தடுமாறுற குட்டிக்கு அது உதவும். மீல்வார்மை வழவழப்பான சின்ன கிண்ணத்துல போட்டா வெளிய ஏறாம நெளிஞ்சுக்கிட்டே இருக்கும். முனை மழுங்கின இடுக்கியால பிடிச்சு, முகத்துக்கு நேரா நீட்டாம, பக்கவாட்டுல மெல்ல ஆட்டிக் காட்டலாம். வாலோட நுனி பூனை மாதிரி சுருண்டு ஆட ஆரம்பிச்சா சந்தோஷப்படுங்க, வேட்டை மூட் வந்துடுச்சு!

அப்பவும் அசையலையா? மீல்வார்மோட தலையை நசுக்கி, கசியுற சாறை உதட்டோரம் லேசா தொட்டு வையுங்க. நக்கும். நக்கின ருசியில வாயைத் திறந்தாலும் திறக்கும். ரெண்டு தடவை முயற்சி பண்ணியும் தலையைத் திருப்பிக்கிச்சுன்னா அன்னிக்கு விட்டுடுங்க. வாயைப் பிளந்து திணிக்கிறது மட்டும் கூடவே கூடாது. அந்தத் தாடை எலும்பு எவ்வளவு மெல்லிசுன்னு நினைச்சுப் பாருங்க. கால் மணி நேரத்துல சாப்பிடாத சுவர்க்கோழியை வெளிய எடுத்துடுங்க. ராத்திரியில பசிச்சா அது தூங்குற குட்டியையே கடிக்கும்.

தோல் உரிக்கிறதுக்கு முன்னாடி உடம்பு வெளுத்து, சாம்பல் பூசின மாதிரி இருக்கும். அந்த ஒண்ணு ரெண்டு நாளும் சாப்பிடாது, கவலை வேண்டாம். உரிச்ச தோலைத் தானே தின்னுடும். விரல் நுனியில மிச்சத் தோல் வளையம் மாதிரி இறுகி நிக்குதான்னு மட்டும் பாருங்க. அப்படியே விட்டா ரத்த ஓட்டம் நின்னு விரலே போயிடும். ஈர டப்பா இருந்தா இந்தப் பிரச்னை பெரும்பாலும் வராது.

சாப்பிட ஆரம்பிச்சுட்டா அடுத்து கால்சியம். பூச்சியில பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் ரொம்பக் கம்மி. வெறும் பூச்சியைத் தின்னே வளர்ற குட்டிக்கு எலும்பு இளகி, தாடை ரப்பர் மாதிரி ஆகி, கால் வளைஞ்சுடும். வளைஞ்ச கால் பழையபடி நேராகிறது கஷ்டம். பூச்சியை ஒரு கவர்ல போட்டு, கால்சியம் பவுடர் ஒரு சிட்டிகை சேர்த்துக் குலுக்குங்க, மேல கோலமாவு படிஞ்ச மாதிரி ஆகணும். டி3 வைட்டமின் கலந்த பவுடரை டப்பாவுல போட்டிருக்கிற அளவைத் தாண்டாம கொடுங்க, கூடினாலும் கெடுதல்தான். இன்னொண்ணு, பூச்சியும் சாப்பிட்டிருக்கணும். கொடுக்கிறதுக்கு முந்தின நாள் அதுக்கு கேரட்டும் கீரையும் போடுங்க. பட்டினிப் பூச்சி வெறும் ஓடு.

எவ்வளவு கொடுக்கணும்? உடம்பு நீளத்துல ஒரு அங்குலத்துக்கு ரெண்டு பூச்சின்னு வளர்க்குறவங்க ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. முதல் சில மாசம் தினமும், அதுக்கப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள், வளர்ந்த பிறகு வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை. வாக்ஸ்வார்ம்னு ஒரு கொழுத்த புழு இருக்கு. அதைக் கொடுத்தா உடனே சாப்பிடும், அப்புறம் வேற எதையும் தொடாது. நம்ம வீட்டுக் குழந்தைக்கு சிப்ஸ் பாக்கெட் மாதிரி.

வளருதா இல்லையான்னு கண்ணை நம்பாதீங்க. 0.1 கிராம் வரைக்கும் காட்டுற சின்ன டிஜிட்டல் தராசு வாங்கி, வாரத்துக்கு ஒருநாள் டப்பாவோட வெச்சு நிறுத்து, போன்ல குறிச்சு வையுங்க. வாலையும் பாருங்க. கெக்கோவுக்குக் கொழுப்பு சேமிக்கிற இடம் அதுதான். நல்லா வளர்ற குட்டியோட வால் வாராவாரம் உருண்டு திரளும். சாப்பிடாத நாட்கள்லயும் எடை நிலையா இருந்தா நீங்க நிம்மதியா தூங்கலாம்.

எடை பத்துல ஒரு பங்கு குறைஞ்சாலோ, சூடும் இடமும் சரியா இருந்தும் ரெண்டு வாரமா ஒண்ணுமே சாப்பிடலைன்னாலோ பூச்சி மாத்திப் பார்க்கிறதை நிறுத்துங்க. வால் குச்சி மாதிரி மெலியுறது, எச்சம் தண்ணியா போறது, கண் உள்வாங்குறது, கால் நடுங்குறது இதுல எது தெரிஞ்சாலும் ரெண்டு வாரம்கூட காத்திருக்க வேண்டாம். குடல்ல ஒட்டுண்ணி இருக்கலாம், அதை வீட்டுல கண்டுபிடிக்க முடியாது. நாய், பூனை மட்டும் பார்க்கிற டாக்டரா இல்லாம, ஊர்வன பார்க்கிற கால்நடை மருத்துவர் யாருன்னு குட்டி வாங்குறதுக்கு முன்னாடியே விசாரிச்சு வெச்சிருந்தா நல்லது. போகும்போது புதுசா போட்ட எச்சத்தை ஒரு ஜிப் கவர்ல எடுத்துக்கங்க, கையை சோப்பு போட்டுக் கழுவிடுங்க, அதுல சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். தொட்டியை ஒரு போட்டோ, தெர்மாமீட்டரை ஒரு போட்டோ எடுத்துக்கங்க. டாக்டர் முதல்ல கேட்கப்போறது அந்த ரெண்டாவது போட்டோவைத்தான்.