புயல் சேதக் கடனுக்கு வயது தடையா?

2018 நவம்பர் 16-இல் கரையைக் கடந்த கஜா புயல் கொடைக்கானல் மலையையும் விடவில்லை. மரங்கள் வேரோடு சாய்ந்தன. மண் சரிந்து பாதைகள் அடைபட்டன. வாழையும் காப்பியும் வைத்திருந்தவர்களுக்குப் பெருத்த நஷ்டம்.

இம்மலையில் பல தோட்டங்களைக் கவனிப்பவர்கள் அறுபதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் திருப்பூரிலோ கோவையிலோ இருப்பார்கள். சேதத்திற்குப் பின் கடன் கேட்டுப் போனால், "வயதாகிவிட்டதே, மகனை அழைத்து வாருங்கள்" என்ற பதில் கிடைப்பதுண்டு. இதில் பழைய கடன் வேறு, புதுக் கடன் வேறு என்பதை விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் பழைய கடன். இயற்கைச் சேதம் பற்றி ரிசர்வ் வங்கி 2018 அக்டோபரில் தொகுத்து வெளியிட்ட விதிகளின்படி, மகசூல் இழப்பு 33 சதவீதமானால் பயிர்க் கடனின் தவணையை 2 ஆண்டு வரை நீட்டிக்கலாம். 50 சதவீதமும் அதற்கு மேலும் ஆனால் 5 ஆண்டு வரை. முதல் ஓராண்டு தவணை கட்ட வேண்டியதில்லை. சேதத்தால் ஈட்டின் மதிப்பு குறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் உதவியை மறுக்கக் கூடாது என்றும் அதில் உண்டு. இச்சலுகைக்கு அளவுகோல் பயிர்ச் சேதமே. விவசாயியின் வயது அல்ல. (விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் நடப்பு விதியைக் கிளையில் கேட்டுக்கொள்ளவும்.)

புதுக் கடனில்தான் சிக்கல். கிசான் கடன் அட்டைக்குப் பல வங்கிகள் 75 வயதை உச்சவரம்பாக வைத்துள்ளன. 60-க்கு மேற்பட்டவர் சட்டப்படியான வாரிசு ஒருவரைக் கூட்டுக் கடன்தாரராகச் சேர்க்க வேண்டும். காப்பியும் மிளகும் பலன் தர மூன்று நான்கு ஆண்டுகள் ஆவதால் வங்கி யோசிப்பது புரிகிறது. ஆனால் எழுபது வயதுக்காரர் நட்ட செடி அவரோடு போய்விடுவதில்லையே! அமெரிக்காவில் 1974-இல் வந்த கடன் சமவாய்ப்புச் சட்டத்தில் 1976-இல் வயதையும் சேர்த்தார்கள். வயதை மட்டும் காட்டிக் கடனை மறுக்க அங்கு முடியாது. நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை.

ஆகவே வாரிசைச் சேர்க்கும் வேலையைச் சேதம் வரும்வரை தள்ளிப்போட வேண்டாம். வாரிசு என்றால் மகன்தான் என்பதில்லை. பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்த மகளும் வாரிசுதான். ஆனால் இது சாட்சிக் கையெழுத்து அல்ல, கடனைக் கட்டும் பொறுப்பு அவருக்கும் உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இறந்துபோன தகப்பனார் பெயரில் பட்டா இருந்தால் அதையும் மாற்றி வையுங்கள்.

வங்கி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்து மூலம் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணமின்றி எழுதலாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். கடன் அட்டையைப் புதுப்பிப்பவர்கள் செப்டம்பரிலேயே வாரிசையும் அழைத்துக்கொண்டு கிளைக்குப் போய் வருவது நல்லது.