எழுத்து முந்திக்கொள்ளும்

'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதி, "மை என்ன நிறம்?" என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். வாய் ஒருக்கா தடுக்கி நிற்கும்.

அமெரிக்காவில் ஜோன் ரிட்லி ஸ்ட்ரூப் 1935இல் இதை அளந்து காட்டினார். வெறும் நிறச் சதுரங்கள் 100க்கு நிறம் சொல்ல மாணவர்களுக்குச் சராசரியாக 63.3 செக்கன் பிடித்தது. சதுரத்துக்குப் பதில் வேறொரு நிறத்தின் பெயரை அச்சிட்டுக் கொடுத்தபோது 110.3 செக்கன். மையை விட்டுச் சொல்லை வாசிக்கச் சொன்னால் தாமதம் 2.3 செக்கன்தான்.

வாசிப்பு அவ்வளவு ஊறிப்போன பழக்கம். கண் பட்டதும் நடந்துவிடும். வேண்டாம் என்றாலும் கேளாது. முந்தி வரும் பழக்கத்தைப் பிடித்து நிறுத்துவதற்கு நாம் கொடுக்கும் கூலிதான் அந்த 47 செக்கன். கவனத்தை ஆராயும் உளவியலாளர் இன்றும் இச்சோதனையைக் கைவிடவில்லை. எழுத்தறியாத பிள்ளையோ இதில் தடுமாறாது. தமிழ் படிப்பிக்கிற எனக்கு இது கொஞ்சம் உறுத்தும் செய்திதான். "கவனி, கவனி" என்று வகுப்பில் சத்தம் போடுகிறோம்; எதை நிறுத்தச் சொல்கிறோம்?

ஸ்ட்ரூப் சிலரை எட்டு நாள் மையின் நிறம் சொல்லப் பழக்கினார். தடுமாற்றம் குறைந்தது, அற்றுப்போகவில்லை. வேடிக்கை என்னவென்றால், பிறகு அவர்களுக்குச் சொல்லை வாசிப்பதே சுணங்கிற்று. இரண்டாம் தரம் வாசிக்கையில் அந்தச் சுணக்கம் பெரும்பாலும் போய்விட்டது.